ஞாபகப் பெட்டி கேட்ட கேள்வி

"தம்பி, திருத்த ஏலாட்டிலும் பரவாயில்லை. சாகடிச்சுப் போடாதேங்கோ."

கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்பக்கம் என் திருத்துக் கடை. ஒரு பங்குனி மாத முற்பகல். கூரைத் தகரம் சூட்டில் டக் டக் என்று வெடித்துக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற அந்த அக்கா கதிரையில் இருக்க மாட்டேன் என்றா. மார்போடு அணைத்திருந்த மஞ்சள் துணிப் பொட்டலத்தை இரண்டு கையாலும் மேசையில் வைத்தா. துணியின் ஓரத்தில் சின்ன வெள்ளைப் பொத்தான்கள் இருந்தன. ஒரு சிறு பிள்ளையின் சட்டை அது என்று பிறகுதான் கண்டேன்.

உள்ளே ஒரு பழைய கல்குலேற்றர். கறுப்பு நிறம், உள்ளங்கையை விட நீளம், எண்களெல்லாம் தேய்ந்துபோன பொத்தான்கள். சாதாரணமாகக் கூட்டிக் கழிக்கிற சாமான் இல்லை. "இதைச் செய், பிறகு அதைச் செய்" என்று வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தால் அந்த ஒழுங்கில் செய்துகாட்டுகிற வகை. அதன் முதுகில் தீப்பெட்டி அளவில் ஒரு குட்டிப் பெட்டி செருகியிருந்தது.

அந்தக் குட்டிப் பெட்டியைப் படத்தில்தான் அதுவரை பார்த்திருந்தேன். கல்குலேற்றரின் பற்றறி தீர்ந்தால் அது படித்ததெல்லாம் மறந்துபோகும். ஆனால் இந்தப் பெட்டிக்குள் காசு மாதிரி வட்டமாக ஒரு பற்றறி தனியாக இருக்கும். தாய் செத்தாலும் பிள்ளை நினைவோடு கிடக்கும். ஞாபகப் பெட்டி என்று நானே அதற்கு ஒரு பெயர் வைத்தேன்.

"இதுக்குள்ள என்ன அக்கா இருக்கு?"

"என்ர பிள்ளை இருக்கு."

சும்மா சொல்லுகிற பேச்சென்று நினைத்தேன்.

வாசலில் கேட்ட கதைகள்

இந்தத் தொடரை வாசிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம், ரேடியோவைக் கழற்றிப் படித்தது மிச்சம். பழுதான சாமானோடு வாசலில் நிற்கிற ஆட்கள் சொல்கிற கதையிலே எனக்கு ஒரு ஆசை. கொப்பியில் எழுதி வைப்பேன். எத்தனையோ சாமான்கள் கை மாறிப் போய்விட்டன. சொற்கள் என்னிடம் நிற்கின்றன.

ஜெயபுரத்திலிருந்து வருகிற மலைநாட்டு ஐயா ஒருவர், ரேடியோவை மேசையில் வைத்துவிட்டு, "அண்ணே, இவனுக்கு உசிரு இருக்கு, தொண்டைதான் கட்டிக்கிச்சு" என்பார். ஆனையிறவு உப்பளத்தில் வேலை செய்கிற ஒரு தங்கச்சி, உப்புக் காற்றில் துருப்பிடித்த தொலைபேசியோடு வந்து, "அண்ணை, இது பழுதில்லை, என்னோட கோவம். என்ர மனிசன் கதைச்சா மட்டும் வடிவாக் கேக்குது" என்றா. மனிசனுக்கு முன்னாலேயே சொன்னா.

சாமானுக்கு உயிர் இருக்கிறது போலக் கதைப்பது எங்கள் ஆட்களின் பழக்கம். அதனால்தான் "சாகடிச்சுப் போடாதேங்கோ" என்ற சொல்லும் என் காதில் பெரிதாக விழவில்லை.

சவர்க்காரத்துக்குள் வந்த பற்றறி

மஞ்சள் பொட்டலத்தோடு வந்த திலகவதி அக்காவின் கணவர் குணரத்தினம் சேவையர். காணி அளக்கிறவர். வெளிநாட்டில் இருந்த தமையன் அந்தக் காலத்தில் அனுப்பிவிட்ட கல்குலேற்றர் அது. வாய்க்கால் எங்கே போகும், எந்தக் காணிக்கு எல்லை எது என்று அதிலே தட்டித்தான் சொல்வாராம். "என்னோட கதைச்சதை விட அதோட கதைச்சது கூட," என்று அக்கா சொல்லும்போது முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, அரைவாசியில் நின்றது.

யுத்தத்தில் பற்றறிக்குத் தடை இருந்த காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வன்னிக்குள் ஒரு சின்னப் பற்றறி வாறதென்பது ஒரு ஆள் வாற மாதிரி. தீர்ந்த பற்றறியை வெயிலில் காய வைத்தோம். ஆணியால் ஓட்டை போட்டு உப்புத் தண்ணீர் விட்டோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதிக்க, டைனமோவில் செய்தி கேட்டோம். மிதிக்கிறவருக்குக் கால் உளைந்தால் செய்தி வாசிக்கிறவருக்கும் குரல் இறங்கும்.

அப்படியொரு காலத்தில், வவுனியாவிலிருந்து வந்த ஒரு ஆசிரியை, குளிக்கிற சவர்க்காரக் கட்டியைக் கீறி உள்ளே வைத்து, இந்தப் பெட்டிக்கான வட்டப் பற்றறியைக் கொண்டுவந்து கொடுத்தாவாம். தடை எடுபட்ட பிறகு சேவையர் வேறு பற்றறி மாற்றினாரோ இல்லையோ, அக்காவுக்குத் தெரியாது. அவா கையில் வந்த பிறகு மாற்றவில்லை. இடம்பெயர்ந்தபோதும், முகாமிலும், திரும்பி வந்து தகரக் கொட்டிலில் இருந்தபோதும் அதைத் திறக்கவே இல்லை.

நான் கணக்குப் பார்த்தேன். சேவையரை அவா கடைசியாகக் கண்டே பத்து வருஷத்துக்கு மேல். நல்ல பற்றறியே ஐந்து வருஷம் நின்றால் பெரிது.

"அக்கா, நான் ஒண்டு சொல்லுறன், மனம் நோகாதேங்கோ. இது எப்பவோ மறந்திருக்கும்."

"இல்லைத் தம்பி. அவர் மறக்காது எண்டு சொன்னவர்."

இரண்டு கம்பி

கல்குலேற்றரின் பற்றறிக் குழி பச்சைப் பாசி பிடித்துக் கிடந்தது. தேசிக்காயை வெட்டிப் புளி விட்டுத் துடைத்தேன். மேசை மின்சாரத்திலிருந்து அளவாக வோல்ற் கொடுத்தேன். எண் தெரிகிற கண்ணாடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது. உடனே நிற்பாட்டிவிட்டு, முதலில் ஞாபகப் பெட்டியைப் பார்த்தேன்.

உள்ளே இருந்த வட்டப் பற்றறியை அளந்தபோது மீற்றர் முள் எழும்ப மனமில்லாமல் எழும்பி நின்றது. சாகக் கிடக்கிற பற்றறி. இன்றைக்கோ நாளைக்கோ என்றிருந்தது. அந்தத் துளி உயிரில் எது நினைவு வைத்திருக்க முடியும்?

பழையதைக் கழற்றிப் புதியதைப் போடும் அந்த ஒரு நொடியில், உள்ளே இருப்பது அழிந்துபோகலாம். அதனால் மெல்லிய இரண்டு கம்பியை உள்ளே பற்றவைத்து, வெளியிலிருந்து வேறு மின் கொடுத்துக்கொண்டு மாற்ற வேண்டும். ஒரு ஆளுக்குச் சேலைன் ஏற்றுகிற மாதிரி. கம்பி விலகினால் முடிந்தது கதை.

அப்போதுதான் அக்கா கதிரையில் இருந்தா. இருந்துகொண்டு, என் கையைப் பார்த்தபடி, விஷயத்தைச் சொன்னா.

யுத்தத்தின் கடைசி மாதங்களில், கடலுக்கும் களப்புக்கும் நடுவில் கிடக்கிற மணல் துண்டில், அவர்களுடைய ஒரே பிள்ளை மயூரி ஷெல் துண்டு பட்டுச் செத்துப்போனா. ஏழு வயது. சேவையர்தான் குழி தோண்டினார். பிறகு வந்து கல்குலேற்றரோடு குந்தியிருந்து எதையோ தட்டினார். ஐந்து நாள் கழித்து, கஞ்சி வாங்கப் போகும்போது அதை அக்காவின் கையில் கொடுத்தார்.

"பேப்பரில எழுதினா நனையும், சோதிக்கிறவன் பறிப்பான், இது வெறும் கணக்கு மெசின் எண்டு விட்டிடுவாங்கள் எண்டவர். பிள்ளை எங்க இருக்கிறா எண்டு இதுக்குள்ள வைச்சிருக்கிறன், முதுகில இருக்கிற பெட்டியை மட்டும் கழட்டாதை எண்டவர். கஞ்சிக்குப் போனவர்தான், திரும்பி வரேல்ல."

"நீங்களும் அங்க நிண்டனீங்கள்தானே அக்கா? இடம் நினைவில்லையோ?"

"நிண்டனான். ஆனா எனக்கு அண்டைக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. எல்லா இடமும் ஒரே மணல், ஒரே தறப்பாள் கூடாரம். பிறகு போய் மூண்டு தரம் தேடினனான்."

நான் கம்பியைப் பற்றவைத்தேன். புதிய பற்றறியை உள்ளே தள்ளினேன். என் நெற்றி வேர்வை மேசையில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது.

திலகா நீயா

கல்குலேற்றரைப் போட்டேன். ஓடு என்கிற பொத்தானை அழுத்தினேன்.

ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழாக, ஒரு எழுத்துக்குப் பக்கத்தில் இன்னொரு எழுத்தாக வந்து நின்றது:

திலகா நீயா

நான் கையை எடுத்துவிட்டேன். வெளியே சந்தையில் மீன்காரர் கூவிக்கொண்டிருந்தார். பட்டப்பகல். என் முதுகுத்தண்டில் யாரோ ஈரக் கையால் தடவியது போல இருந்தது.

அக்கா கல்குலேற்றரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தா. "என்னவாம்?" என்று கேட்டா, உள் அறையில் இருக்கிற ஆளைப் பற்றிக் கேட்கிற மாதிரி.

"நீங்களோ எண்டு கேக்கிறார்."

ஓம் என்றால் 1, இல்லை என்றால் 0 என்று அடுத்த வரி சொன்னது. அக்கா சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துவிட்டு 1 ஐ அழுத்தினா. மதகில நில் என்றது. கிழக்கு 140 என்றது. தெற்கு 22 என்றது. இங்க என்றது.

"தெருவில ஒரு மதகு இருந்தது," என்றா அக்கா. "அதடியிலதான் நாங்கள் பதுங்கியிருந்தனாங்கள்."

எப்போதாவது அழிந்தால் என்ன செய்வது என்று, கல்குலேற்றரை அன்றைக்கு என்னிடம் விட்டுவிட்டு அவா போன பிறகு, உள்ளே இருந்ததை வரிவரியாகக் கொப்பியில் எழுதினேன். அப்போது இரண்டு விஷயம் கண்டேன். முதலாவது, 0 அழுத்தினால் அது வேறெங்கும் போகாது. திரும்பவும் திலகா நீயா என்றுதான் கேட்கும். அக்கா வருமட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிற மாதிரி எழுதியிருந்தார். பத்து வருஷத்துக்கு மேல் அந்தக் கேள்வி மஞ்சள் சட்டைக்குள் கிடந்திருக்கிறது.

இரண்டாவது, "இங்க" என்பதோடு முடியவில்லை. அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. அதை நான் அக்காவுக்குச் சொல்லவில்லை.

கடலுக்குள் போன கணக்கு

அடுத்த கிழமை ஒரு ஓட்டோவில் போனோம். இடத்தின் பெயரை நான் எழுதத் தேவையில்லை. கண்ணிவெடி எடுத்து முடிந்ததென்று பலகை நட்டிருந்தது. மதகு பாதி மணலில் புதைந்து, ஒரு பக்கச் சுவர் உடைந்து, ஆனாலும் நின்றது. சேவையர் ஆள் சரியான ஆள். மரத்தை நம்பவில்லை, வீட்டை நம்பவில்லை. மதகைத்தான் பிடித்திருக்கிறார்.

நான் அளவு நாடாவோடு போயிருந்தேன். சேவையரின் கணக்கு, அப்ப மீற்றர்தானே என்று எனக்குப் பெரிய துணிவு. நூற்று நாற்பது மீற்றர் கிழக்கே இழுத்துக்கொண்டு போனேன். தாழைப் பற்றையைக் கடந்தேன், அடம்பன் கொடியைக் கடந்தேன், ஈர மணலைக் கடந்தேன். நூற்றுப் பத்தில் காலில் அலை பட்டது. நூற்று நாற்பதில் தண்ணீர் இடுப்புக்கு வந்தது. நாடாவைப் பிடித்தபடி கடலுக்குள் நின்றேன்.

கரையில் அக்கா நின்றா. சுனாமி கண்ட அந்தக் கரை ஆட்களுக்குக் கடல் எடுத்துக்கொண்டு போவதைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அவாவின் வாய் மட்டும் அசைந்தது. நான் கிட்டப் போனபோதுதான் கேட்டது.

"எடுத்திட்டுதோ தம்பி? அவளையும் எடுத்திட்டுதோ?"

நனைந்த நாடாவைச் சுற்றிக்கொண்டு நின்றேன். சுற்றும்போது அவா அதையே பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு, "அவரிட்ட நாடா இருக்கேல்லையே," என்றா.

"என்னக்கா?"

"நாடா, சங்கிலி, முக்காலி எல்லாம் வழியில எறிஞ்சிட்டம். அவற்ற சேட்டுப் பையில ஒரு திசை பாக்கிற கருவியும், நூலில கட்டித் தொங்கவிடுற பித்தளைக் குண்டும்தான் இருந்தது. பிறகு அந்தக் குண்டையும் காணேல்ல." கண்ணை மூடினா. "என்னை நடக்கச் சொன்னவர். நான்தான் நடந்தனான். அவர் பக்கத்தில எண்ணிக்கொண்டு வந்தவர். அவருக்கு விசர் பிடிச்சிட்டுது எண்டு நினைச்சனான். நீ நட, நீதான் திரும்பி வருவாய் எண்டவர்."

நூற்று நாற்பது, மீற்றர் இல்லை. அக்காவின் காலடி.

கை மறக்காதது

மதகடியில் திரும்ப வந்து நின்றோம். கல்குலேற்றரை அக்கா என் கையில் தந்தா. எனக்கு ஒரு யோசனை.

"அக்கா, அப்ப உங்களுக்கு வயசு குறைவு. இப்ப முழங்கால் வருத்தம். காலடி சின்னனாயிருக்கும். அளவு பிழைக்குமே."

"அண்டைக்கும் சின்னக் காலடிதான்." அக்கா நடுத் தெருவில் நின்றபடி என்னைப் பார்த்தா. "கையில பிள்ளை."

நான் தலையைக் குனிந்தேன். அந்தப் பாரத்துக்கு எதையாவது தூக்கிக்கொண்டு நடந்தால் அளவு சரிவரும் என்று தோன்றியது. ஒன்றும் யோசிக்காமல், ஓட்டோவுக்குள் கிடந்த என் சாமான் பையை எடுத்து நீட்டினேன். நான் செய்த முட்டாள்தனத்தில் அது பெரியது.

"வேண்டாம் தம்பி. கை மறக்கேல்ல."

இரண்டு கையையும் முன்னால் மடித்தா. வலது முழங்கை கொஞ்சம் உயர்ந்து நின்றது, தலையைத் தாங்குகிற மாதிரி. முதுகு பின்னால் சாய்ந்தது. முகம் குனிந்தது. பிறகு நடந்தா.

நான் எண்ணிக்கொண்டு பக்கத்தில் போனேன். அன்று சேவையர் எண்ணிக்கொண்டு போனதும் அந்தப் பக்கமாகத்தான் இருந்திருக்க வேண்டும். வெறுங்கையோடு நடக்கிற ஆளின் கால் மணலில் அவ்வளவு ஆழத்துக்குப் புதையாது. அக்காவின் கால் ஒவ்வொரு அடியிலும் கரண்டைக்கால் வரைக்கும் புதைந்தது. என் கால் அப்படிப் புதையவில்லை. நான் அவாவை விடப் பாரமான ஆள். இதைப் பார்த்தேன். பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

நூற்று நாற்பதில் தாழைக்கு இப்பால் நின்றா. தெற்கே திரும்பினா. இருபத்திரண்டு. நின்றா. மெதுவாகக் குந்தி, கையில் இருந்ததை மணலில் இறக்கினா.

நான் அடம்பன் கொடியை விலக்கி, விரலால் மணலைக் கிண்டினேன். ஒரு சாண் ஆழத்தில் குளிராக ஏதோ பட்டது. பித்தளை. கூர் கீழே, நூல் உக்கிப்போன கொளுக்கி மேலே. சேவையரின் குண்டு, நட்டு வைத்த மாதிரி நேராக நின்றது.

"இனிக் கிண்டாதேங்கோ," என்றா அக்கா. "அவ நித்திரை."

மேற்கு இரண்டு

கற்பூரம் கொளுத்தி, பால் ஊற்றி முடிந்த பிறகு, கல்குலேற்றரை என் கையிலிருந்து அவாவே எடுத்தா. அதில் "இங்க" என்று நின்றது. நான் தடுக்க முதல் பொத்தானை அழுத்தினா.

மேற்கு 2. எனக்கு.

அக்கா கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்து, திரும்ப வாசித்தா. "உங்களுக்கு முதலே தெரியுமோ தம்பி?"

"ஓம் அக்கா. எழுதும்போது கண்டனான். சொல்ல வாய் வரேல்ல."

கோபிக்கவில்லை. எழும்பி, மேற்கே இரண்டு காலடி வைத்தா. இந்த முறை வெறுங்கை. கால் புதையவில்லை.

சுற்றி எல்லா இடமும் அடம்பன் படர்ந்திருந்தது. அந்த இரண்டு காலடிக்கு அப்பால் ஒரு ஆள் நீளத்துக்கு மட்டும் கொடி இல்லை. கூட்டி விட்ட மாதிரி வெள்ளை மணல். கஞ்சிக்குப் போன மனிதரை யாரும் அங்கே கொண்டுவந்து வைத்திருப்பார்களா? யாருக்கு அந்த இடம் தெரியும்? எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

"இருந்தாலும் சரி, இல்லாட்டிலும் சரி," என்றா அக்கா. "பஸ்ஸில சீற்றுக்குத் துவாய் போட்டு வைக்கிற மாதிரி, மனிசன் இடம் பிடிச்சு வைச்சிருக்கிறார்."

சொல்லிவிட்டுச் சிரித்தா. அன்று காலையிலிருந்து அதுதான் முழுதாக வந்த சிரிப்பு.

கடைசிப் பற்றறி

அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒருமுறை, அங்கே போகிறதுக்கு முதல் நாள், அக்கா கடைக்கு வருவா. பற்றறி தீர்ந்திருக்காது, ஆனாலும் மாற்றச் சொல்லுவா. நான் இரண்டு கம்பியைப் பற்றவைத்து மாற்றுவேன். போட்டவுடன் அது கேட்கும். அக்கா 1 ஐ அழுத்துவா. "ஓம், நான்தான், வேற ஆர்?" என்று வாயாலும் சொல்லுவா. முடிந்ததும் அது திரும்பவும் முதல் கேள்விக்கே வந்து நிற்கும். அடுத்த வருஷத்துக்கு.

இந்த மாசி மாதம் அக்கா போய்விட்டா. நித்திரையிலேயே. சாம்பலை எங்கே கரைப்பதென்று அவாவின் தம்பி என்னைத்தான் கேட்டார். என் கொப்பியில் இருந்தது. மேற்கு இரண்டில் ஒரு பிடி வைத்து மூடிவிட்டு, மிச்சத்தைக் கடலில் விட்டோம். மஞ்சள் துணியில் சுற்றிய பெட்டியைத் தம்பிக்காரர் என்னிடமே தந்தார். "எங்களுக்கு இது விளங்காது, நீங்களே வைச்சிருங்கோ."

மறுநாள் முற்பகல், வழக்கம் போலப் பற்றறியை மாற்றினேன். கம்பியைக் கழற்றி வைத்தேன். மூடியைப் பூட்டினேன். பால் விடாத ஒரு பிளேன்ரீ குடித்தேன். பிறகு கல்குலேற்றரைப் போட்டேன்.

திலகா நீயா

என்ன செய்கிறது? பொய் சொல்ல மனம் வரவில்லை. 0 அழுத்தினேன். திலகா நீயா. இன்னொருமுறை 0. திலகா நீயா. கதவடியில் நின்று ஒரு மனிதர் கூப்பிட, உள்ளே ஆள் இல்லை என்று சொல்லச் சொல்ல, அவர் போகாமல் நிற்கிற மாதிரி இருந்தது.

"அவா அங்க வந்திட்டா அண்ணை," என்று உரத்துச் சொன்னேன். பக்கத்துத் தையல் கடைக்காரி எட்டிப் பார்த்தா. நான் 1 ஐ அழுத்தினேன்.

மதகில நில். கிழக்கு 140. தெற்கு 22. இங்க. மேற்கு 2, எனக்கு.

இன்னும் ஒருதரம் அழுத்தினால் முதல் கேள்விக்குத் திரும்ப வேண்டும். அழுத்தினேன். திரும்பவில்லை. வெறும் 0 ஒன்று நின்றது. உள்ளே வரி வரியாகத் தேடினேன். ஒரு வரியும் இல்லை. கடையில் வாங்கிய அன்று இருந்திருக்கும் மாதிரித் துடைத்துக் கிடந்தது.

பற்றறியை அளந்தேன். முழுதாக இருந்தது.

திருத்துகிற ஆளாக ஒரு காரணம் சொல்லலாம். கை நடுங்கியிருக்கும், கம்பி விலகியிருக்கும் என்று. ஆனால் அந்தக் கம்பியை நான் பிளேன்ரீ குடிக்கிறதுக்கு முன்னமே கழற்றிச் சுருட்டி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டேன்.